கடலுக்குப் பயந்த ரோச்

பெங்களூர் பிளாக்பள்ளியில் பிரகாசியைத் தெரியாதவர்கள் குறைவு. மாதா கோவில் பீடத்துத் துணிகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பவள் அவள்தான். 1893-ல் அவள் டேனியல் ரோச்சைக் கட்டிக்கொண்டபோது தெருவே வாயைப் பிளந்தது. ரோச் அயர்லாந்துக்காரர். ஆனால் துரைமார் யாரும் வீட்டுக்குக் கூப்பிடாத வெள்ளைக்காரர். பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கிற பட்டறையில், தமிழ்த் தையல்காரர்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து கித்தான் தைத்துக்கொண்டிருந்தார். தமிழும் அவர்களிடம் பிடித்ததுதான். வசவுகள் முதலில் வந்தன, மற்றதெல்லாம் பிறகு.

பெண் கேட்டு வந்தவரிடம் பிரகாசியின் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊர்ல உங்களுக்கு யார் இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க."

கப்பலில் இருந்தவர், மதராஸில் கரை இறங்கியவர் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடல் இல்லாத ஊர் எது என்று விசாரித்து ரயில் ஏறினாராம். மூத்தவன் கிளாரன்ஸ் பிறந்து, பிறகு பிரிஜெட் பிறந்ததும், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தப் போகலாம் என்றாள் பிரகாசி. "அது கடற்கரை. நீ போய்ட்டு வா," என்று ரயிலேற்றி விட்டுவிட்டார். மற்றபடி நல்ல மனுஷர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார்.

1911-ல் ஒரு ஐரிஷ் பட்டாளம் கண்டோன்மெண்டுக்கு வந்தது. அதில் ஒரு நரைத்த சிப்பாய், மர்ஃபி என்று பேர், பட்டறையில் ரோச் என்ற பேரைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தான். ரோச்சைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஆர்க்லோ ரோச்சா? டேனியலா? கல்லறையில உன் பேரை வெட்டி வச்சிருக்காங்களேப்பா!"

அவன் இங்கிலீஷில் சொன்னதெல்லாம் பிரகாசிக்குப் புரிந்தது. ஆர்க்லோ ஒரு சின்னத் துறைமுக ஊர். ரோச் குடும்பத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல்காரர்கள். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் ஒரே புயலில் ஒரே கப்பலில் போனார்கள். மிஞ்சிய கடைசிப் பிள்ளை டேனியலையும் அம்மா கப்பலுக்குத்தான் அனுப்பினாள். அந்தக் கப்பல் மதராஸ் பக்கம் உடைந்து, ஒருவரும் பிழைக்கவில்லை என்று ஊருக்குச் செய்தி போனது. கோவிலில் செத்தவர்களுக்கான பூசை வைத்தார்கள், கல்லறைக் கல்லில் பேரைச் சேர்த்தார்கள். அம்மா செத்தது போன வருஷத்துக் குளிரில்தான்.

கட்டுமரக்காரர்கள் தன்னைத் தூக்கிக் கரை சேர்த்ததையும், யாரிடமும் பேர் சொல்லாமல் நழுவியதையும் ரோச் அதன்பிறகுதான் சொன்னார்.

இத்தனை வருஷம் பிரகாசிக்கு ஒரு மாமியார் இருந்திருக்கிறாள். "பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா திரும்பக் கூப்பிடுவா. போனா மறுபடியும் கப்பல்தான். எங்க வீட்டு ஆம்பளைக்கு வேற வேலை கிடையாது. செத்தவனை யாரும் கூப்பிட மாட்டாங்க, பிரகாசி."

இதையெல்லாம் கிளாரன்ஸும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவுக்குப் பயமாக இருந்தது பிள்ளைக்கு ஆசையாகிவிட்டது. பதினெட்டு வயதில், ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், மதராஸுக்குப் போய்க் கப்பலில் சேர்ந்துவிட்டான். ஒரே ஒரு தடவை லீவில் வந்தான். இருந்த நாளெல்லாம் ரோச் அவன் முகத்தையே பார்க்கவில்லை. கிளம்புகிற அன்று மட்டும் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போனார்.

1917-ல் தந்தி வந்தது. கப்பலை ஜெர்மன்காரன் மூழ்கடித்துவிட்டான். கிளாரன்ஸைக் காணவில்லை.

ரோச் தந்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "காணலைன்னுதானே போட்டிருக்கு? என்னைப் பத்தியும் அப்படித்தான் சொன்னாங்க. யாரும் அழக் கூடாது. பூசை கீசைன்னு பேச்சே வரக் கூடாது."

அன்றிலிருந்து காலையில் மதராஸ் மெயில் வரும் நேரத்துக்குக் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் போய் நிற்பார். அது போனபிறகுதான் பட்டறைக்குப் போவார். முதலில் பிரகாசியும் பாதி நம்பினாள். அவனுக்கென்று உலையில் கூட ஒரு பிடி அரிசி போட்டாள். சண்டை முடிந்தது, பட்டாளத்துக்குப் போனவர்கள் திரும்பினார்கள், தெருவில் கல்யாணங்கள் நடந்தன. அவள் நம்பிக்கை மெல்ல வேறு மாதிரித் திரும்பியது. பிள்ளை உயிரோடு இருந்தால், இருந்துகொண்டே பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அப்படிப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருப்பதைவிடச் செத்த பிள்ளைக்காக அழுவது மேல் என்று பட்டது அவளுக்கு.

1920 நவம்பரில், ஆத்துமாக்கள் திருநாளன்று, சாமியாரிடம் போய்ச் சொல்லி கிளாரன்ஸுக்குப் பூசை வைத்தாள். யாரையும் கூப்பிடவில்லை. அவளும் பிரிஜெட்டும், மெழுகுவர்த்தி ஏற்ற வந்த கோவில்பிள்ளையும்தான். கறுப்புச் சேலையோடு வீடு திரும்பியவளை ரோச் வாசலில் பார்த்தார்.

"என் பிள்ளையைக் கொன்னுட்டியே."

"உங்க பிள்ளை இல்லீங்க, என் பிள்ளை. நான் அழணும்."

அதன்பிறகு அவர் அவளோடு பேசவில்லை. ஒரே கூரையின் கீழ், அவள் வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, வேண்டியதைப் பிரிஜெட் வழியாகக் கேட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டினார். பிரிஜெட் கல்யாணமாகி மல்லேஸ்வரத்துக்குப் போனபின் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. ஸ்டேஷனுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

1929 டிசம்பர் குளிரில் நெஞ்சுச் சளி கட்டிப் படுத்தார். பிரகாசி கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கிண்ணத்தை விலக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்குப் பூசைக்கு நெறைய பேர் வந்தாங்களா?"

எந்தப் பூசை என்று அவள் கேட்கவில்லை. "கோவில் கொள்ளலைங்க. வெளியிலகூட நின்னாங்க."

ரோச் தலையாட்டினார். "எனக்கும் வந்திருப்பாங்க. சின்ன ஊர்தானே, ஒருத்தர் விடாம வந்திருப்பாங்க. அம்மா முன்னால உட்கார்ந்திருப்பா." கொஞ்ச நேரம் கழித்து, "நீ அழுதியா?" என்றார்.

"அழுதேன்."

அந்த வாரமே போய்விட்டார்.

அதற்குப் பிறகும் பிரகாசி பதினாலு வருஷம் மகள் வீட்டில் இருந்தாள். மாதாமாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். கோபம், புறணி, ஜெபத்தில் பராக்கு என்று எல்லாவற்றையும் சொல்லுவாள். அந்த ஒரு பொய்யை மட்டும் கடைசி வரை சாமியாரிடம் சொல்லவில்லை.