முதுகில் எட்டு போல்ட்டுகள்

என் வீட்டுக்காரரை நாடகக் குழுவில் எல்லோரும் ‘தகரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் லிஃப்ட் மெக்கானிக். வாரம் பூராவும் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று கிரீஸ் போடுகிறவர், சனிக்கிழமை சாயங்காலமானால், பழைய ஃப்ரிட்ஜ் கதவுகளை வெட்டி அவரே செய்த தகரச் சட்டைக்குள் போய்விடுவார். ஒன்பது வருஷமாக ஒரே வேஷம், ரோபோ. முகம் தெரியாது. நோட்டீசில் பேர் வரும், விளக்கு வாடகைக்குக் கொடுத்தவருக்குக் கீழே. எனக்குத்தான் வயிற்றெரிச்சல். அவர் அந்த நோட்டீசை மடித்து டார்ச் லைட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார், லைட் ஆடாமல் இருக்க.

அந்தச் சட்டையை உள்ளே இருப்பவர் கழற்ற முடியாது. முதுகில் எட்டு போல்ட். முடுக்குவதும் கழற்றுவதும் என் வேலை. பகலில் ஒரு தையல் கடையில் பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுக்கிறேன். என் கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஸ்பேனர் கிடக்கும். கடைக்கார அம்மா பார்த்துவிட்டு, “புருஷன அடிக்கவா?” என்று கேட்டாள். முடுக்க என்றேன்.

நாடகம் என் தம்பி எழுதியது. ஒரு வீட்டில் கதவு திறப்பதற்காகவே ஒரு ரோபோ வாங்குகிறார்கள். அதற்குப் பேர்கூட வைப்பதில்லை, ‘கதவு’ என்றே கூப்பிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து வீட்டார் வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள். வண்டியில் அதற்கு இடமில்லை. வீட்டுக்காரம்மா அதன் தோளைத் தட்டி, “அஞ்சு நிமிஷம் இங்கயே இரு, வந்துடறோம்” என்கிறாள். வரப்போவதில்லை என்று தெரிந்தே சொல்கிறாள். அது கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சார்ஜ் தீர்கிறவரை நிற்கிறது. அவ்வளவுதான் கதை.

திரை விழாது. நடிகர்கள் வந்து கும்பிடுவதும் கிடையாது. அரங்கத்தில் விளக்கைப் போட்டுவிடுவோம். வெளியே போகிற வழி மேடையை ஒட்டித்தான் என்பதால், ஜனங்கள் அங்கே நின்றுகொண்டிருக்கிற ரோபோவைத் தாண்டித்தான் போக வேண்டும். சிலர் போட்டோ எடுப்பார்கள். சின்னப் பிள்ளைகள் டாட்டா காட்டும். ஒருமுறை ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டு, “முதல்ல அந்த மனுஷன வெளிய விடுங்கம்மா, பாக்க முடியல” என்று திட்டினாள். கடைசி ஆள் போகிறவரை அவர் அசைய மாட்டார். அப்புறம் நான் பின்னால் போய் முதுகில் இரண்டு தட்டு தட்டி, “எல்லாரும் போயிட்டாங்க, வாங்க” என்பேன். எட்டு போல்ட்டும் கழலும். தொப்பலாக நனைந்து வெளியே வருவார்.

தம்பி முதலில் எழுதியதில் ரோபோவைச் சுத்தியலால் உடைப்பார்கள். ஒத்திகையில் இவர்தான், “உடைக்க வேணாம் மச்சான். இருக்கச் சொல்லிட்டுப் போகட்டும்” என்றார். ஏன் என்று தம்பி கேட்டான். அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னார். அதற்கு முன்னால் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஆறு வயதில் பஸ் நிலையத்தில், டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்து பெஞ்சில், அவருடைய அம்மா அவரை உட்கார வைத்துவிட்டு, “அஞ்சு நிமிஷம் இங்கயே இரு, வந்துடறேன்” என்று போனாள். மறுநாள் காலையில் கவுண்டர்க்காரர் கொண்டுபோய் ஒரு பிள்ளைகள் விடுதியில் விட்டார். விடுதி அம்மா நல்ல மனுஷி. “பாவம், உங்கம்மாவுக்கு வழியில ஏதாவது விபத்தாயிருக்கும், இல்லன்னா வராம இருப்பாளா?” என்று தலையைத் தடவுவாளாம். பதினாறு வருஷம் அதை நம்பினார். செத்துப்போன அம்மாவுக்காக அழுதார். அப்புறம் விசாரித்துக்கொண்டு போனால் அம்மா உயிரோடு இருந்தாள், விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி, வேறு குடும்பம், வேறு பிள்ளைகள். கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டார்.

“அவ விட்டுட்டுப் போனதக்கூட நான் தாங்கிக்கிட்டேன்” என்று ஒருமுறை சொன்னார். “விபத்துன்னு சொல்லி என்னை ஏமாத்துனாங்க பாரு, அதத்தான் தாங்க முடியல.”

எங்கள் வீட்டில் ‘இதோ வந்துடறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. கடைக்குப் போனால், “கடைக்குப் போறேன், அரை மணி ஆகும்” என்றுதான் சொல்ல வேண்டும். என் பெண் மூன்று வயதிலேயே பழகிவிட்டாள். பாத்ரூமுக்குப் போனால்கூட நிமிஷக் கணக்குச் சொல்லிவிட்டுப் போவாள்.

நாடகத்துக்குப் பேர் வந்ததும் ஆளாளுக்குக் கேட்டார்கள், தம்பியும் கொடுத்தான். ரேடியோவில் போட்டார்கள். காத்திருப்பது காதில் விழாது என்று சொல்லி, கடைசியில் ரோபோவைப் புலம்பவிட்டு வயலின் வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் படப் புத்தகமாக வந்தது. அதில் வீட்டார் அவசரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். “சின்னப் பசங்க புத்தகம்தானே, போகட்டும்” என்றார் இவர். டிவியில் அரை மணி நேரப் படமாக வந்தபோது, தப்பு முழுக்க ரிப்பேர்க்காரன் தலையில் விழுந்தது. அவன் பேட்டரியைச் சரியாகப் பூட்டவில்லையாம், வீட்டாருக்கு ஒன்றும் தெரியாதாம். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். “லிஃப்ட் நின்னாலும் மெக்கானிக்தான், இங்கயும் மெக்கானிக்தானா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் பொய் சொன்ன குடும்பம், புத்தகத்தில் மறந்துபோனது. டிவியில் ஒன்றும் அறியாத பாவமாகிவிட்டது. கழுவக் கழுவ அவர்கள் வெளுத்துக்கொண்டே போனார்கள்.

அப்புறம் சினிமா வந்தது. தம்பியே இயக்குநர், முதல் படம். ரோபோவைக் கம்ப்யூட்டரில்தான் வரையப்போகிறார்கள் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது இவர் கலங்கவே இல்லை.

“ஆள் யாராயிருந்தா என்ன மச்சான். முடிவ மட்டும் மாத்திடாத. அவங்க தெரிஞ்சே சொல்லணும்.”

“உங்க மேல சத்தியம் மாமா” என்று தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்து அவன் என் தையல் கடைக்கு வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, முடிவ மாத்திட்டாங்க. அழுதுக்கிட்டே ஜனங்க வெளிய போனா படம் ஓடாதாம். எனக்கு வேற வழியில்லக்கா.”

“அவர்கிட்ட நீயே சொல்லு.”

“சொல்றேன், படம் முடியட்டும். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத. மாமா மூஞ்சிய என்னால பாக்க முடியாது.”

எப்படி மாற்றினார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் சுமக்க வேண்டுமே என்று பயம். கூடப் பிறந்தவன், முதல் படம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டு மாதம். இவர் சும்மா இருப்பாரா? சாப்பிட உட்காரும்போது கேட்பார். ஷூ லேஸ் கட்டும்போது கேட்பார். “தம்பி பேசினானா? முடிவு அப்படியேதானே இருக்கு?”

“அப்படியே இருக்காம்” என்பேன். ஒவ்வொரு முறையும் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

படம் வெளிவருவதற்கு முன்னால், ஒரு புதன்கிழமை மத்தியானம், வேண்டியவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். இவர் லீவு போட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் ரோபோ அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா அதன் தோளைத் தட்டி, “அஞ்சு நிமிஷம்” என்றாள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியிருந்தது. சந்தோஷம்.

அடுத்த காட்சியில், ரோபோவைக் கூட்டிப்போக வேறு வண்டி பிடிக்கத்தான் அவள் ஓடுகிறாள். தெரு முனையில் லாரி மோதுகிறது. வருஷக் கணக்காக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். நரைத்த தலையோடு அவள் திரும்பி வர, துருப்பிடித்த ரோபோ கண் திறந்து, “உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னியுங்கள் அம்மா” என்கிறது. அரங்கமே மூக்கைச் சிந்தியது.

விபத்து! உலகத்தில் வேறு காரணமே கிடைக்கவில்லையா என் தம்பிக்கு? விடுதி அம்மா சொன்ன அதே பொய். அந்தப் பொய் இவரை என்ன செய்தது என்று தெரிந்தவனே அதை எடுத்துத் திரையில் போட்டிருக்கிறான். அது போதாதென்று இவரை மன்னிப்பும் கேட்க வைத்துவிட்டான். இவர் கை எப்போது என் கையை விட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

விளக்கு வந்தது. எல்லோரும் போனார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. தம்பி வந்து குனிந்தான்.

“எப்படி மாமா இருந்துச்சு?”

“செட்டுல போட்டிருந்த கதவு நல்ல மரம், மச்சான்.”

“கோவமா மாமா? அக்காகிட்ட அப்பவே சொல்லிட்டேனே. எட்டு மாசமாச்சு. அக்கா சொல்லலயா?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பையன் கவுண்டர்க்காரரை அப்படித்தான் பார்த்திருப்பான்.

வீட்டில் சண்டை இல்லை. திட்டியிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன். அந்த சனிக்கிழமை நாடகம் வழக்கம்போல நடந்தது. நான் முடுக்கினேன், தட்டினேன், கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் தூக்கிக்கொண்டு, “பட்டறைக்குப் போறேன், மூணு மணி நேரம் ஆகும்” என்றார். மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். போல்ட் இருந்த எட்டு ஓட்டையும் அடைத்திருந்தது. அவர் தானே உள்ளே நுழைந்தார். உட்பக்கம் கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது.

நாடகம் முடிந்து, கடைசி ஆளும் போனபின், நான் பின்னால் போய் இரண்டு தட்டு தட்டினேன். “எல்லாரும் போயிட்டாங்க, வாங்க.” கொக்கி கழன்றது. வேர்வை வழிய வெளியே வந்தார்.

“எனக்கு இனிமே வேலையில்லையா?” என்றேன்.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒம்பது வருஷமா உள்ள நிக்கிறேன். நீ வருவியா மாட்டியான்னு ஒரு நாள்கூட நினைச்சதில்ல” என்றார். “போன சனிக்கிழமை நினைச்சேன்.”