சைகை டீச்சரின் மோதிர விரல்

அடுப்பில் தேநீர் கொதிக்கும் நேரத்தில், வலது உள்ளங்கையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்து, இடது கையால் மேலிருந்து அழுத்துகிறார். பிறகு கன்னம் மேசையில் படுகிற அளவுக்குக் குனிந்து, மோதிர விரலுக்கும் மேசைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார். பழைய பேருந்துச் சீட்டு ஒன்றை விரலுக்கு அடியில் நுழைத்துப் பார்ப்பதும் உண்டு. நுழையாவிட்டாலும் முகத்தில் பெரிய மகிழ்ச்சி வந்துவிடாது. "இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணிக்கப் போவார்.

எங்கள் குடியிருப்பில் அவரைச் சைகை டீச்சர் என்பார்கள். அவர் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. காது கேளாதவர்கள் கையால் பேசுவதை வாயால் சொல்வதும், மற்றவர்கள் வாயால் பேசுவதைக் கையால் சொல்வதும்தான் அவருடைய தொழில். நீதிமன்றம், மருத்துவமனை, வேலைக்கான நேர்முகம், எப்போதாவது ஒரு கல்யாணப் பேச்சு. "நான் டீச்சர் இல்லீங்க" என்று வாயிற்காவலரிடம் தொடங்கி எல்லாரிடமும் சொல்லிப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டார். நான் அவருக்கு நேர் கீழ்த் தளத்தில் குடியிருக்கிறேன். நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

எப்போதும் கறுப்பு அல்லது கருநீல உடை. பின்னணி அடங்கியிருந்தால்தான் கை எடுப்பாகத் தெரியுமாம். மோதிரம் இல்லை, வளையல் இல்லை. பையைத் தோளில்தான் மாட்டுவார். கையில் எதையும் தூக்கிக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை. காது நன்றாகக் கேட்கிற என்னோடு பேசும்போதுகூட, ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமென்றால் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். அதனால் அவர் குடிக்கிற தேநீர் எல்லாமே ஆறிப்போன தேநீர்.

இன்னொரு பழக்கம், அடுத்தவர் பேச்சைச் சொல்லும்போது 'நான்' என்றே சொல்வது. தொழிலில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு முறை காது கேளாத இளம்பெண் ஒருத்திக்காக மகப்பேறு மருத்துவரிடம் போயிருக்கிறார். "எனக்கு ரெண்டு மாசமா தள்ளிப்போயிருக்கு டாக்டர்" என்று இவர் சொல்ல, மருத்துவர் ஐம்பதைத் தாண்டிய இவருடைய தலையையும் நரையையும் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயா?" என்று கேட்டாராம். அதையும் கையால் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டுத்தான் விளக்கம் கொடுத்திருக்கிறார். "சொன்னதுல ஒண்ணை விடக் கூடாது. சொல்லாததுல ஒண்ணைச் சேர்க்கக் கூடாது. நடுவுல நான்னு ஒருத்தி இல்லவே இல்ல" என்பார். பெருமையாகச் சொல்வதில்லை. நாள் முழுக்க நின்ற கால் வலியைச் சொல்வதுபோலச் சொல்வார்.

அவருடைய கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். பிறவியிலேயே காது கேட்காது. இருவருக்கும் நடுவில் எல்லாப் பேச்சும் கையால்தான். "எங்க வீட்டுக் கையில நீங்க, வாங்க, போங்க எல்லாம் கிடையாது. அந்த ஒரு விஷயத்துல நிம்மதி" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் முகம் காட்டி, அப்பாவிடம் கையாலும் அம்மாவிடம் வாயாலும் ஒரே நேரத்தில் பேசுவாள்.

கை விஷயம் ஒரு கட்டியில் தொடங்கியது. மோதிர விரலுக்குக் கீழே, உள்ளங்கையில், பட்டாணி போல ஒன்று. காய்ப்பு என்று நினைத்து விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் அதிலிருந்து ஒரு நரம்பு போல விரலை நோக்கி மேடு கட்டியது. கையை அகல விரித்தால் மற்ற விரல்கள் நிமிர்ந்து நிற்க, மோதிர விரல் மட்டும் தூக்கக் கலக்கத்தில் எழுந்தவனைப்போல லேசாகக் கவிழ்ந்து நின்றது. வலி இல்லை. வலி இல்லாததால் டாக்டரிடமும் போகவில்லை.

போக வைத்தது நீதிமன்றம். ஏதோ வாடகைத் தகராறு. சாட்சி சொல்ல வந்தவர் காது கேளாத தச்சர். வழக்கறிஞர் கேட்ட கேள்வியை டீச்சர் கையால் சொல்ல, தச்சர் சம்பந்தமில்லாத பதில் ஒன்றைச் சொன்னார். கேள்வி திரும்பக் கேட்கப்பட்டது. திரும்பவும் அதே குழப்பம். தச்சர் டீச்சரின் கையையே உற்றுப் பார்த்துவிட்டு, சாட்சிக் கூண்டிலிருந்து ஒன்று கேட்டார். விதி விதிதானே. டீச்சர் நீதிபதியைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "உங்க கைக்கு என்ன ஆச்சு?"

நீதிபதி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வழக்கறிஞரும் பார்த்துக்கொண்டார். கேட்கப்பட்டது மொழிபெயர்ப்பாளரின் கையைப் பற்றி என்று டீச்சரே விளக்கிய பிறகு கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை படிக்கட்டில் என்னைப் பார்த்தபோது, "என் கை உளறுது தம்பி" என்றார். அப்படியே மேலே ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு டாக்டர்கள். அந்த நோய்க்குப் பழைய காலத்து மருத்துவர் ஒருவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். டீச்சரின் வாயில் அது நுழையவில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வு தடித்துக் கயிறாகித் திரண்டு, விரலை உள்பக்கம் இழுக்குமாம். கை அறுவை மருத்துவர், விரல் நன்றாக மடங்கிய பிறகு வாருங்கள், அறுத்து எடுத்துவிடலாம் என்றார். நரம்பில் பட்டுவிட்டால் விரல் மரத்துப்போகலாம், எடுத்தாலும் திரும்ப வரலாம், கட்டு அவிழ்த்துப் பழைய கை திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம் என்பதையும் சொன்னார். கதிர்வீச்சு மருத்துவமும் உண்டு என்று இன்னொருவர் சொல்ல, அந்தப் பிரிவு டாக்டரம்மாவிடம் போனார். அவர் சொன்னது நேர் எதிர். விரல் மடங்கிய பிறகு வந்து பயனில்லை. கட்டி புதிதாக இருக்கும்போது கொடுத்தால் பலருக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. மடங்கியதை அது நிமிர்த்தாது.

கட்டிடம் முழுக்கக் கதிர்வீச்சு என்ற ஒரு சொல் மட்டும் பரவியது. எதிர்வீட்டு அம்மாள் பழத்தோடு வந்து, டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். புற்றுநோய் இல்லை என்று சொல்லச் சொல்ல, "தைரியமா இருக்கீங்க, அதுதான் வேணும்" என்று இன்னும் அழுதாராம். மகள் இரவும் பகலும் இணையத்தில் படித்துவிட்டு, கேன்சர் இல்லாத கைக்குக் கேன்சர் மருந்து எதற்கு, சிலருக்கு இது தானாகவே நின்றுவிடுகிறதாமே, உனக்கும் நின்றுவிட்டால் வீணாகத்தானே போகும் என்று கேட்டாள். அறுவை மருத்துவர், மகள், டாக்டரம்மா மூவர் சொன்னதையும் டீச்சர் எனக்கு 'நான்' போட்டே சொன்னார். கடைசியில் தன் குரலில், "எல்லாரும் சரியாத்தான் சொல்றாங்க. யாராவது ஒருத்தர் தப்பாச் சொன்னாத்தானே முடிவெடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கீழே வைத்திருந்த கோப்பையை எடுத்தார்.

முடிவு சொல்ல வேண்டிய நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அறையில் வேறு யார் மொழிபெயர்ப்பது? டாக்டரம்மா டீச்சரிடம் டீச்சரின் கையைப் பற்றிச் சொல்ல, டீச்சர் அந்தக் கையாலேயே கணவருக்குச் சொன்னார். ஒரு வாரம் தினமும் வர வேண்டும், சில மாதம் இடைவெளி, மறுபடி ஒரு வாரம். தோல் சிவக்கும், உலரும். எல்லாம் கைக்கு வந்தன. அடுத்து டாக்டரம்மா, பல வருடங்கள் கழித்து அந்த இடத்தில் புற்று வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். டீச்சரின் கை மடியில் கிடந்தது. டாக்டரம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்ததையும், மனைவியின் கை நின்றுபோனதையும் கணவர் பார்த்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றுமில்லை, களிம்பு போடச் சொன்னார் என்று டீச்சர் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கணவர் திரும்பவும் கேட்டார். டீச்சர் சொல்லிவிட்டார். அன்றைய சண்டையைப் பின்னால் என்னிடம் விவரித்தபோது, கணவரின் பேச்சையும் 'நான்' என்றே சொன்னார், தொழில் புத்தி. "சின்ன வயசுலேருந்து எனக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேணாம்னு மத்தவங்கதான் முடிவு பண்ணாங்க. எங்கம்மா பண்ணாங்க, ஸ்கூல்ல பண்ணாங்க. நீ பண்ண மாட்டேன்னுதான் உன்னைக் கட்டிக்கிட்டேன்."

நோய் பற்றிக் கணவருக்குப் பெரிய குழப்பமே இல்லை. விரல் மடங்கினால் மடங்கட்டும், மடங்கின விரலைத் தான் படிக்கக் கற்றுக்கொள்வேன், வேலையை விட்டுவிடு என்றார். நீ கற்றுக்கொள்வாய், கூண்டில் நிற்கிறவன் கற்றுக்கொள்ள மாட்டான் என்றார் டீச்சர். "வேலையை விடறதுக்குக் கை மடங்கணும்னு இல்ல தம்பி. எனக்கே எப்பவோ அலுத்துப்போச்சு. ஆனா விட்டா நான் விடணும். கை என்னை விடக் கூடாது." விரல் மடங்கும் அச்சத்தையும் புற்று வரும் அச்சத்தையும் மாற்றி மாற்றி எடை போட்டு, எந்தத் தட்டும் இறங்காமல், கடைசியில் தூக்கம் வராத களைப்பிலேயே கதிர்வீச்சுக்குச் சரி சொன்னதாகத்தான் நினைக்கிறார்.

முதல் வாரம் தனியாகத்தான் போனார். கணவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். காத்திருக்கும் கூடத்தில் எல்லாரும் பெரிய நோய்க்காரர்கள். தலையில் துணி கட்டிய ஒரு பெண்மணி, உங்களுக்கு எங்கே என்று கேட்டிருக்கிறார். டீச்சர் கூச்சத்தோடு உள்ளங்கையைக் காட்டினார். "கைதானேம்மா" என்று அந்தப் பெண்மணி பெருமூச்சு விட்டார். அது ஆறுதலா பொறாமையா என்று டீச்சருக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. மறுநாளிலிருந்து கையை மூடியே வைத்துக்கொண்டார்.

உள்ளே, கட்டி இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தை ஈயத் தகட்டால் மூடுவார்கள். எல்லாரும் வெளியே போய்க் கனத்த கதவு சாத்தப்படும். கையை அசைக்காதீர்கள் என்று ஒலிபெருக்கி சொல்லும். சூடில்லை, வலியில்லை. "வாயைப் பொத்தி உட்கார வச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

இரண்டாவது சுற்றுக்குக் கணவர் கூட வந்தார். சமாதானம் என்று எதுவும் பேசிக்கொள்ளவில்லையாம். ஒரு நாள் காலையில் அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், அவ்வளவுதான். தோல் சிவந்து, பிறகு காகிதம்போல உலர்ந்தது. இப்போது கட்டி கொஞ்சம் இளகியிருக்கிறது. விரல் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. கதிர்வீச்சால் நின்றதா, தானாக நின்றதா என்று கேட்டதற்கு, அதை மட்டும் கேட்காதீர்கள் என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். நீதிமன்றத்தில் இப்போது மோதிர விரல் முக்கியமாக வரும் சொற்களை இடது கைக்கு மாற்றிவிட்டார். பழகுவதற்குள் தோள்பட்டை விட்டுப்போனது என்றார்.

அந்த இடது உள்ளங்கையில்தான், போன மாதம், பட்டாணி போல ஒன்று.

டீச்சர் அதை என்னிடம் காட்டி, "இது என்ன அவசரம் பாருங்க" என்றார். மறுநாள் அவருடைய கணவர் என் கதவைத் தட்டி, தன் தொலைபேசியில் எழுதியிருந்ததைக் காட்டினார். மருத்துவமனைக்கு உங்கள் காரில் கூட்டிப்போக முடியுமா, அவளிடம் காரணம் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. காரணம் எனக்கும் தெரியாது. போய் இறங்கியபோது மருத்துவமனை வாசலில் வங்கிக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காத வீட்டில் வளர்ந்தவர். விடுமுறை நாளில் மொழிபெயர்க்க வருவார். கணவர்தான் வரச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் நடைபாதையிலேயே நின்று கணவரிடம் கையை வீசிக் கேட்டார். வங்கிக்காரர் என் பக்கம் திரும்பி, தொழில் முறைப்படி, முகம் மாறாமல் சொன்னார்: "நான் இருக்கும்போது இன்னொருத்தர் எதுக்கு? இந்த ஆளு கை சுத்தமில்ல. பாதி வார்த்தையை முழுங்கிடுவான்." கணவர் பதில் சொன்னார். அதையும் வங்கிக்காரர் சொன்னார்: "இன்னிக்கு நீ நோயாளி. நோயாளி வேலையை மட்டும் பாரு."

அறையில் நாற்காலி போதாமல் நான் சுவரோரம் நின்றேன். டாக்டரம்மா இடது கையை அழுத்திப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒரு வாக்கியம் சொல்லி, டீச்சருக்காக நிறுத்தினார். டீச்சரின் கைகள் மடியிலிருந்து தாமாக எழுந்தன. அதற்குள் வங்கிக்காரர் தொடங்கிவிட்டார். எழுந்த கைகள் அப்படியே இறங்கின. அடுத்த வாக்கியத்துக்கும் எழுந்தன, இறங்கின. தோல் உலர்வது வந்தது. இடைவெளி வந்தது. பல வருடங்கள் கழித்து வரக்கூடியதைப் பற்றிய வாக்கியமும் வந்தது. வங்கிக்காரர் அதை முழுசாகச் சொன்னார். கணவர் கண் சிமிட்டாமல் பார்த்து, தலையை மெல்ல ஆட்டினார். மனைவியை அவர் பார்க்கவில்லை.

ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டரம்மா.

"முதல்லேருந்து ஒரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றார் டீச்சர். "போன தடவை கையால சொன்னேனே தவிர, நான் காதுல வாங்கலை."

டாக்டரம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார். டீச்சர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.