உள்ளே விட்ட துணி

எங்கள் தையல் கடைக்கு இப்போது கொஞ்சம் கெட்ட பெயர். பள்ளிச் சீருடையைக் கொண்டுவந்து இடுப்பைப் பிடித்துக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், என் அண்ணன் மிஷினை விட்டு எழுந்துவிடுவார். பிள்ளை தண்ணீர் நிறையக் குடிக்கிறதா, அடிக்கடி சிறுநீர் போகிறதா, சோர்ந்து படுக்கிறதா என்று கேட்பார். ஆமாம் என்றால் துணியைத் தொடமாட்டார். முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள் என்பார். இவர் என்ன தையல்காரரா வைத்தியரா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும். முன்பானால் அவர்களோடு மல்லுக்கு நின்றிருப்பேன், இப்போது தெம்பில்லை.

அண்ணன் முப்பது வருடமாகச் சீருடை தைக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்து, பட்டன் கட்டுகிறேன். வாசலில் வரும் ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார், ஒரு நூல் பிசகாது. வளர்கிற பிள்ளைகள் என்பதால் பக்கத்துக்கு ஒரு இன்ச் துணியை உள்ளே விட்டுத் தைப்பார். பிள்ளை பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். இந்த வயதில் உடம்பு ஏறுமே தவிர இறங்காது என்பது அவர் கணக்கு.

அவர் மகளுக்குப் பதினான்கு வயது. வாய் ஓயாது. அப்படியே அத்தையை உரித்து வைத்திருக்கிறாள் என்பார் அண்ணி. அந்த அத்தை நான்தான். அதை அவர் பாராட்டாகச் சொன்னதில்லை. பள்ளி திறந்த இரண்டாம் மாதம், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று வந்தாள். அண்ணன் ஒரு இன்ச் பிடித்தார். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தாள். உயரம் போடுகிற வயது, சதை வற்றத்தான் செய்யும் என்றார் அண்ணி. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாளே என்று நான் அவளை ஒட்டகம் என்று கூப்பிட்டேன். அவளும் சிரித்தாள். களைப்பாக இருக்கிறது என்றபோது பழச்சாற்றில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

மூன்றாம் முறை வந்தபோது, உள்ளே சேர்ந்த துணி தடித்து உறுத்துமே என்று அண்ணன் கத்தரியை எடுத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதப்பா. நான் மறுபடி குண்டாயிட்டா என்ன செய்வ?"

அவர் சிரித்துவிட்டு, வெட்டாமல் மடித்துத் தைத்தார்.

அதிலிருந்து நான்காம் நாள் காலையிலிருந்து அவளுக்கு வாந்தி. மதியத்துக்குள், ஓடி வந்தவள் போலப் படுத்தபடியே மூச்சு வாங்கினாள். பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, சர்க்கரை நோய் முற்றிப்போய்விட்டது, இது பிள்ளைகளுக்கும் வரும், முன்பே இன்சுலின் போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றார். எப்போதிலிருந்து மெலிந்தாள் என்று கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து நீட்டினார். அவள் பெயர் போட்ட பக்கத்தில், பாவாடை தைத்த நாளிலிருந்து தேதியோடு நான்கு வரிகள் இருந்தன. இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்துமூன்றரை, இருபத்திரண்டு. டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல யாருமே கவனிக்கலையா?"

"கவனிச்சேன் டாக்டர். மூணு தடவை அளவெடுத்தேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் போய்விட்டாள்.

தெரியாமல் நடந்தது, படித்தவர்கள் வீட்டிலேயே நடக்கிறது என்று டாக்டரம்மா ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷி. ஆனால் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுத்த வீட்டில், கையில் டேப்பை வைத்துக்கொண்டே எங்கள் பிள்ளையைப் பறிகொடுத்தோம். இதற்கு யார் சொல்லி நான் ஆறுவது?

ஒரு மாதம் கழித்துக் கடை திறந்தோம். அண்ணன் முதலில் எடுத்தது அந்தப் பாவாடையைத்தான். பிடித்த மூன்று தையலையும் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் தடுக்கவில்லை. துணி பழைய அகலத்துக்கு வந்தது. டேப் வைத்துப் பார்த்தார். இருபத்தாறு. பிறகு அதை மடியில் விரித்து நீவிக்கொண்டே, நான் பக்கத்தில் இருப்பதை மறந்து, மகளிடம் பேசினார்.

"வெட்டலம்மா. எல்லாம் அப்படியே இருக்கு."