சொல்லாமல் விட்ட வசனம்

பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள்; புதுச்சேரிக் கொட்டகையில் அவர்கள் படம் ஓடுகிறது. ஏதோ சின்னக் கம்பெனி எடுத்ததாம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத கணவனும் மனைவியும்தான் கதை. என் முன்வரிசையில், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், பிரெஞ்சு தெரியாத தம் மனைவிக்கு வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறார். அதைக் கேட்டுத்தான் நானும் பார்க்கிறேன். திரையில் மனைவி கணவனிடம் நெடுநேரம் பேசுகிறாள். முன்வரிசைக்காரர் அதை மட்டும் தமிழில் சொல்லவில்லை.

இடைவேளையில், "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறேன்.

"ஒண்ணுமில்ல சார், வீட்டு விஷயம்."

"நான் தெனம் சொல்றதத்தான் சொல்லியிருப்பா" என்கிறாள் அவர் மனைவி, கடலைத் தோலை ஊதியபடி.

மணி அடித்துப் படம் தொடர்கிறது. சற்று நேரத்தில் அவர் தம் மனைவி பக்கம் குனிந்து, "தப்பு எம்மேலதான்" என்கிறார்.

அப்போது திரையில் யாருமே பேசவில்லை.