மாஸ்டரின் தாளும் மேடத்தின் விரிப்பும்

கட்டிங் ஹாலில் அவளுக்குப் பெயர் சாக்பீஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில், துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டைக் காதில் செருகியபடியே வீட்டுக்குப் போய்விடுவாள். அப்போது வந்த பெயர். ஐம்பத்துநாலு வயதில் அதோடு ஓர் ‘அக்கா’ ஒட்டிக்கொண்டதே தவிர, பெயர் மாறவில்லை. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி அது. மேல்மாடியில் தையல், கீழே கட்டிங். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்த தாளை வைத்து, மெஷினால் அறுத்து, கட்டுக் கட்டாக மாடிக்கு அனுப்பவேண்டும். பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர்.

அந்தச் சூப்பர்வைசர் மேடம் திங்கட்கிழமை அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“நான் மாசக் கடைசியோட வேலைய விடறேன். என் இடத்துக்கு உங்க பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லிடுங்க. இல்லன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுப்பாங்க.”

வெளியே வந்தாள். கிடைக்காதா என்று ஏங்கிய வயதில் கிடைத்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். இப்போது போய் இது என்ன வம்பு.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? முப்பது வருஷமா என்னை சூப்பர்வைஸ் பண்ணல நீ?”

“உங்க ஒருத்தரைப் பாத்ததுக்கே தலை நரைச்சுப்போச்சு. அங்க பன்னெண்டு பேருங்க.”

“பயமா?”

“பயமெல்லாம் இல்ல” என்றாள். பயம்தான்.

அதிகாரம் செய்வதில் அவள் கண்டது இரண்டே வகை. மேடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த கட்டிங் மாஸ்டர் ஒன்று, மேடம் ஒன்று. அவர் மாதிரிக் கத்தத் தொண்டை கிடையாது. இவள் மாதிரி வாயைத் திறக்காமல் ஆளை உட்கார வைக்கும் சாமர்த்தியமும் கிடையாது. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறதா என்று யாரிடம் போய்க் கேட்பது?

மாஸ்டரிடம் பதினேழு வருஷம். ஹாலின் ஒரு முனையில் நின்று கத்தினால் மறுமுனையில் நூல்கண்டு உருளும் என்று பையன்கள் சொல்வார்கள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். “கண்ணு முகத்துல இருக்கா, வீட்டு அலமாரில வச்சுப் பூட்டிட்டு வந்துட்டியா?” என்று ஆரம்பித்தால், ஹாலே குனிந்த தலை நிமிராமல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கும். பத்தரை மணி டீ வரும்போது அதே ஆளின் தோளில் கை போட்டு, “சாப்டியா?” என்று கேட்பார். மேசைக்குக் கீழே பழைய ரேடியோ ஒன்று எந்நேரமும் பாடும். பிடித்த பாட்டு வந்தால் அவரே மெஷினை நிறுத்தச் சொல்வார். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் அவளுக்கு முதலில் வருவது புதுத்துணியின் கஞ்சி வாசனையும் அந்த ரேடியோவின் கரகரப்பும்தான்.

பெண்கள் மெஷினைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். எழுதப்படாத சட்டம். “பிளேடு அது, விளையாட்டு இல்ல” என்பார். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்த ஒரு காலையில் அறுக்கிற ஆள்கள் இருவருமே வரவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவனுக்கு அவனைப் பார்த்துக் காய்ச்சல். அடுக்கிய துணி மேசையில் கிடந்தது. மாடியிலிருந்து ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் போய் மாஸ்டரின் எதிரே நின்றாள். “நான் அறுக்கட்டுமா, மாஸ்டர்?”

அவர் அவளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“நான் பாக்கல. பாத்தா வேண்டாம்னு சொல்லணும்.”

அறுத்து முடிக்கும்வரை, முக்கால் மணி நேரம், அந்தச் சுவரில் ஏதோ படம் ஓடுவதுபோல நின்றிருந்தார். முடிந்ததும் திரும்பி, ஒரு துண்டை எடுத்து விளக்கில் பிடித்து, “கோணல்” என்றார். கோணல் இல்லை என்று அவருக்கும் தெரியும். மறுநாள் முதல் இரண்டாவது மெஷின் அவளுடையது. கைக்குப் போடும் இரும்பு வலை உறை மட்டும் ஆண்கள் அளவு. உள்ளே ஒரு காலுறையைத் திணித்துப் போட்டுக்கொள்வாள். பதிவேட்டிலும் அவர் காலம் முழுக்க அவள் ‘ஹெல்பர்’தான். “பேர்ல என்ன இருக்கு? மெஷினே உன்கிட்ட இருக்கு” என்று அதையும் ஒரு வேடிக்கையாக்கிவிட்டார் மனிதர்.

ஆனால் முதலாளி கீழே இறங்கி வந்து, “யாரு இதைக் கெடுத்தது?” என்று கேட்ட நாட்களில், “நான்தான் சார், பாக்காம விட்டுட்டேன்” என்று முன்னால் போய் நிற்பார். பாதி நாள் அது பொய். அந்தப் பொய்க்காகவே ஹால் அவரிடம் வசவு வாங்கிக்கொண்டது.

அவர் ஓய்வு பெற்றுப் போனதும் மேடம் வந்தாள். சாக்பீஸைவிட எட்டு வயது சின்னவள். குரலே எழும்பாது. கையில் ஒரு நோட்டு. யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, நோட்டைத் திறந்து எழுதுவாள், அவ்வளவுதான். “கத்தினாலாவது காது வலிக்கும், முடிஞ்சுடும். இது உள்ள போய் உக்காந்துக்குது” என்றான் மீசை. மீசை முதல் மெஷின்காரன். மாஸ்டர் காலத்திலிருந்து இருப்பவன்.

வந்த முதல் வாரத்தில் மேடம் செய்தது மூன்று. சின்ன அளவில் கையுறை வரவழைத்தாள். பதிவேட்டில் ஹெல்பர் என்பதை அடித்து ‘கட்டர்’ என்று எழுதினாள். ரேடியோவை எடுத்துவிட்டாள், மெஷின் சத்தம் மாறினால் காதில் விழவேண்டுமாம். முதல் இரண்டுக்கும் நன்றி சொல்ல நினைத்த சாக்பீஸ் மூன்றாவதால் வாயை மூடிக்கொண்டாள்.

துணி விரிக்கும் முறையையும் மேடம் மாற்றினாள். மாஸ்டர் முறையில் துணியை வெட்டாமல் முன்னும் பின்னுமாக மடித்து மடித்து அடுக்குவார்கள். அப்படி அடுக்கினால் ஒரு மடிப்பு நல்ல பக்கம் மேலே, அடுத்தது கீழே. தாளில் சட்டையின் ஒரு பக்கக் கையை மட்டும் வரைந்தால் போதும், மேல் மடிப்பில் இடது கையும் அடுத்ததில் வலது கையும் தானாக வரும். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று துணி திரும்பி ஓடுவதால், வெளிச்சத்தில் இரண்டு கையும் இரண்டு நிறம் காட்டும். அதனால் மேடம் ஒவ்வொரு விரிப்பையும் வெட்டி, எல்லாவற்றையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கச் சொன்னாள். அதற்குத் தாளில் இடது, வலது இரண்டும் இருந்தாகவேண்டும்.

குளிர்காலக் கோட்டு ஆர்டர் ஒன்று. சாக்பீஸ் மேடம் சொன்னபடி அறுபது விரிப்பு அடுக்கினாள். பழக்க தோஷத்தில் ஆணியில் தொங்கிய மாஸ்டரின் பழைய தாளை எடுத்து மேலே வைத்தாள். அழகாக, ஒரு நூல் பிசகாமல் அறுத்தாள். மறுநாள் மாடியிலிருந்து தையல்காரி ஒருத்தி இரண்டு கோட்டுக் கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“அக்கா, இந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் வலது கையே கிடையாதா?”

விரிப்புக்கு ஆறு, ஆக முந்நூற்றறுபது கை. அத்தனையும் இடது.

ஹாலே சிரித்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாஸ்டராயிருந்தால் இந்நேரம் கூரை அதிர்ந்திருக்கும், பிறகு முதலாளியிடம் பழியைத் தானே ஏற்றுக்கொண்டிருப்பார். மேடம் ஒரு கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், கண்ணாடி அறைக்குப் போனாள், எழுதினாள். எழுதியதைக் கையெழுத்துக்கு நீட்டினாள். முதல் வரியில் சாக்பீஸின் தவறு. இரண்டாவது வரி: ‘முறையை மாற்றிய பிறகு பழைய தாள்களை அகற்றாதது என் தவறு.’ கீழே மேடத்தின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. சாக்பீஸ் இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். திட்டு வாங்கியது மாதிரியும் இல்லை, வாங்காதது மாதிரியும் இல்லை.

இத்தனை நியாயமான பெண்மணிதான் வேறொரு நாள் அவள் மனதில் முள்ளாகவும் தைத்தாள். மகளுக்குப் பிரசவ வலி என்று வீட்டுக்காரர் போன் செய்தபோது அரை நாள் விடுப்புக் கேட்டாள். “முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணுமே” என்றாள் மேடம், நோட்டைப் பார்த்தபடி. ஐந்து மணிக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேரன் பிறந்து, குளித்து, தூங்கியும் விட்டான். மாஸ்டர், “போ போ, நிக்காத” என்று விரட்டியிருப்பார். ஒன்பது வருஷமாகிறது. மறக்கவில்லை.

மேடம் போகிற விஷயம் கசிந்து, வாரம் முழுக்க ஹாலில் அதே பேச்சு. யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலே எல்லோரும் ஆரூடம் சொன்னார்கள்.

“ஆம்பள வந்தா தேவல” என்றாள் விரிப்புக்காரி ஒருத்தி. “கத்துவாங்க, மறந்துடுவாங்க.”

“ஏன், என் பொண்டாட்டி கத்துவா, மறக்கவும் மாட்டா. அவளை அனுப்பட்டுமா?” என்றான் மீசை.

சாக்பீஸ் சிரித்தாள். ஆனால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியாள் வந்தால் முதல் வேலையாக ஆள் குறைப்பான் என்று மாடியில் பேச்சு. அவள் மாட்டேன் என்றால் அது இவர்கள் தலையில்தான் விடியும். ஆனாலும் அவளால் முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மாட்டேன் என்று முடிவே செய்துவிட்டாள்.

சனிக்கிழமை கண்ணாடி அறைக்குப் போனாள். மேடம் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சாக்பீஸ் வாயைத் திறப்பதற்குள் மேடமே கேட்டாள்.

“உக்காருங்க. ஒண்ணு கேக்கறேன், உள்ளதச் சொல்லுங்க. என்கிட்ட வேலை பாத்தது கஷ்டமா இருந்துச்சா?”

போகிறவளிடம் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்றுதான் நினைத்தாள். வாய் வேறு மாதிரி முந்திக்கொண்டது.

“என் மகள் பிரசவத்தன்னிக்கு அரை நாள் குடுக்கல நீங்க. அது ஒண்ணுதான், மேடம்.”

மேடத்தின் கை நின்றது. இழுப்பறையை மூடினாள்.

“எனக்கும் ஞாபகம் இருக்கு” என்றாள். “அப்போ நான் வந்து ஆறு மாசம்தான். பொம்பளைக்குப் பொம்பள சலுகை குடுக்கறான்னு இவங்க சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல. மறுநாள் வந்து மன்னிப்புக் கேக்கலாம்னா, அதுக்கும் பயம்.”

“உங்களுக்கா?” என்றாள் சாக்பீஸ். உண்மையாகவே ஆச்சரியம். “யாரைப் பாத்து?”

“உங்களப் பாத்துதான். முக்கியமா உங்களயும் மீசையையும். வந்த அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் எந்த நேரமும் மாஸ்டர் புராணம்.”

சாக்பீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடத்துக்கும். அந்த அறைக்குள் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். முதலாளி கேட்டபோதெல்லாம் மாஸ்டர் முன்னால் ஓடிப்போய் நின்றாரே, அப்போது அவர் கை பின்னால் வேட்டி முனையைக் கசக்கிக்கொண்டிருக்கும் என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அத்தனை வருஷமும் கண்ணால் பார்த்திருக்கிறாள், அது பயம் என்று மட்டும் தோன்றவில்லை.

“சரி, அத விடுங்க. என்ன முடிவு பண்ணிருக்கீங்க?”

“பண்ணினது வேற” என்றாள். “தாளக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முதலில் மீசையிடம்தான் சொல்லவேண்டும் என்று இருந்தது. டீ நேரம். மேசையைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து நின்று ஏதோ ரசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பத்தடி தூரத்தில் வரும்போதே பேச்சு சட்டென்று நின்றது. ஒருத்தி இல்லாத நூலை மேசையிலிருந்து பொறுக்கினாள். மீசை டம்ளருக்குள் பார்த்தான். கண்ணாடி வழியே எல்லாம் பார்த்திருக்கிறார்கள், விஷயம் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

அந்த மௌனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை அந்தப் பக்கம் நின்று, நூல் பொறுக்கியிருக்கிறாள்.

“என்னைப் பத்தித்தானே?” என்றாள். “சத்தமாப் பேசுங்க, எனக்கும் கேக்கட்டும்.”

ஒரு நொடி கழித்து எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். அது பேச்சுக்கு வந்த சிரிப்பா, சூப்பர்வைசருக்கு வந்த சிரிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மீசை மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு நிற்க இடம் விட்டான்.