முக்காலியோடு போனவள்

சித்தி நோட்டுக்காரியைத் துரத்திவிட்டாள் என்று எதிர்வீட்டில் பேசிக்கொள்வது சுத்தப் பொய். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனாளாம், அதனால் கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம். கோபித்துக்கொண்டு கிளம்புகிறவள் துணிமணியை எடுப்பாளா, அடுப்படியில் கிடக்கிற முக்காலியை எடுப்பாளா? நோட்டுக்காரி செய்தது தப்புதான். அதை அவளே மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பு வேறு.

எந்நேரமும் கையில் ஒரு நோட்டு இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கல்லூரியில் சமூகவியல், கடைசி வருஷம். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது, ஓர் இடத்துக்குப் போய் மனிதர்களோடு இருந்து, படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து அறிக்கை எழுத வேண்டும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். அவள் வேறெங்கே போவாள்? அவளை வளர்த்த சித்தி ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிக்கிறவள். அங்கேயே போனாள்.

"நம்ம புள்ளதான், கூச்சப்படாம பேசுங்க. சின்ன வயசுல சுவத்துல கிறுக்குனா, இப்ப நோட்டுல கிறுக்குறா, அவ்வளவுதான்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சித்திதான் சொல்லிவைத்தாள். அவர்களும் நம்பிப் பேசினார்கள்.

அங்கே உட்கார அனுமதி கிடையாது. சித்திக்கோ நின்று நின்று முழங்கால் வீங்கும். அதனால் கடைசி அலமாரிக்குப் பின்னால் பழைய போர்வை மூட்டை ஒன்றைப் போட்டு, தினமும் கொஞ்ச நேரம் அவளை உட்காரவைத்துவிட்டு, அவள் பங்கையும் மற்ற மூன்று பேர் மடித்துவிடுவார்கள். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் ஒருத்தி மேசையை இரண்டு தட்டு தட்டுவாள்.

மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்த நோட்டுக்காரி இதை ஓர் அத்தியாயமாகவே எழுதினாள். மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்குவதைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் கண்ணெதிரே நடக்கிறதே என்ற பூரிப்பு அவளுக்கு. பெயர்களை எல்லாம் ஒழுங்காக மாற்றினாள். சலவைக்கூடத்துக்குள் வர அனுமதி வாங்கும்போது அறிக்கையில் ஒரு பிரதி தருவதாகக் கடிதத்தில் எழுதிக்கொடுத்திருந்தாள். சொன்ன சொல் தவறக்கூடாதே. அறிக்கைக்கு அட்டை போட்டு, முதல் பக்கத்தில் நன்றி எழுதி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி தன் கையாலேயே சூப்பர்வைசரிடம் கொடுத்தாள்.

மறுவாரம் கடைசி அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டார்கள். மூட்டையைக் காணோம்.

சித்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் முழங்காலில் வெந்நீர்த் துணியைப் போட்டுக்கொண்டு, "பேர மறைச்ச, சரி. அலமாரிய மறைக்கலையேடி" என்றாள். துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "உன் புள்ள நல்லா படிச்சிடுச்சான்னு கூட மடிக்கிறவங்க என்கிட்டதான் கேக்குறாங்க" என்றாள்.

அறிக்கைக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வந்தது. அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. பேராசிரியையிடம் போய் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"எடுக்கலாம்மா. ஆனா அந்த சூப்பர்வைசர் படிச்சத எப்படி எடுப்ப?" என்றார் அவர். "நானும் கவனிச்சிருக்கணும்."

அடுத்த இரண்டு நாள், சித்தி நடக்கிற சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை, சித்தி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அடுப்படி முக்காலியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க போகுது?"

"சூப்பர்வைசர்கிட்ட கேக்கப் போறேன் சித்தி. ஒளிஞ்சு உக்கார்ற இடம் என்னால போச்சு. தெரியவே உக்கார விடுங்கன்னு."

"உன் மூஞ்சியப் பாத்ததும் சரின்னுடுவாரா?"

"தெரியல."

"அங்க ஒருத்தி கூட உன்கிட்ட பேச மாட்டா."

"தெரியும்."

சித்தி செருப்பைத் தேடினாள். "நோட்டு எங்க?"

"எடுக்கல."

"முக்காலிக்கு ஒரு கால் ஆடும், பாத்துத் தூக்கு. நீ முன்னால போ, நான் பூட்டிட்டு வரேன்."

நோட்டுக்காரி குனிந்த தலை நிமிராமல் படியிறங்கினாள். எதிர்வீட்டுக் கண்கள் பார்த்தது அவ்வளவுதான். கதவைப் பூட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்துச் சித்தி பின்னாலேயே போனதைப் பார்க்கும்வரை நிற்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.