ஈப்போவின் வியாழக்கிழமை

என் மனைவி சிவபதம் அடைந்து ஓராண்டு நிறையும் திதி வியாழக்கிழமை வருவதாக ஈப்போவில் எங்கள் வீட்டு நாட்காட்டி காட்டியது. அதைச் செய்யவேண்டிய ஒரே மகன் வான்கூவரில் வேலை பார்க்கிறான், விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே நானே அவனிடம் புறப்பட்டேன். புதன்கிழமையே சேர்ந்துவிடுவதாகப் பயணச்சீட்டு உறுதி கூறியது.

பக்கத்து ஊரான கோப்பெங்கில் இருக்கும் என் மனைவியின் தம்பி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா மச்சான், புதன் காலையில எட்டு மணிக்கு ஏறி, அதே புதன் பதினோரு மணிக்கு எறங்குறீங்க? ஈப்போலேருந்து ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸே மூன்றரை மணி நேரம் லா!"

"நடுவுல பிளேன் மாறணும். மொத்தம் பதினெட்டு மணி நேரமாம்."

"அப்ப பாக்கி பதினஞ்சு மணி நேரம் எங்க போச்சு?"

எனக்கும் தெரியவில்லை. காலங்கடந்த பெருமானைப் பாடும் பதிகங்களை அறுபது ஆண்டுகளாக ஓதி வருபவன் நான். ஆயினும் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கிய அந்தத் தாள் எனக்குப் பிடிபடவில்லை.

விமானத்தில் பொழுது விரைந்து சாய்ந்தது. நீறணிந்து மாலை வழிபாட்டை முடித்தேன். சற்றே கண்ணயர்ந்து எழுந்தால் விடிந்திருந்தது. விடிந்தால் வியாழனல்லவா? திதி நாளில் ஆகாயத்தில் இருக்கிறேனே என்று பதறினேன். இறங்கியபின் மகன்தான், "இன்னும் புதன்தான்பா, பயப்படாதீங்க," என்று தேற்றினான்.

அந்த ஆறுதல் கார் வரைக்குமே நிலைத்தது. மறுநாள் வருவதை உறுதிசெய்ய அவன் கோயில் குருக்களை அழைத்தான்.

"நாளைக்கா? நாளைக்குச் சூரியன் உதிக்கறதுக்குள்ள திதி முடிஞ்சுடுமே. இங்க இன்னைக்குத்தான். ஒன்றரை மணிக்குள்ள வந்துடுங்கோ."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "காலண்டர்ல வியாழன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

"அது ஈப்போ வியாழன்டா."

"காலையில முட்டை சாப்பிட்டுட்டேன்பா." தாயின் முதலாண்டுத் திதி. நானும் விமானத்தில் இருமுறை உண்டிருந்தேன். விரதம் கெட்டவர்கள் படைப்பது பெரிய குற்றமா, திதியே தவறுவது பெரிதா? அதற்குள் மணி பன்னிரண்டாகிவிட்டது. வழியில் அரிசியும் வாழைக்காயும் வாங்கிக்கொண்டு, வீட்டில் குளித்துக் கோயிலுக்கு விரைந்தோம். குளித்த ஈரம் உலராமலே மகன் எள்ளும் நீரும் இறைத்தான். நான் பதிகம் பாடத் தொடங்கி, இரண்டாம் பாட்டிலிருந்து எட்டாம் பாட்டுக்குத் தாவிவிட்டேன்.

ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மறையாத அந்த ஊர் மாலையில் மைத்துனர் அழைத்தார்.

"மச்சான், இங்க மத்தியானம். இப்பத்தான் அக்காவுக்கு எலை போட்டேன். உங்களுக்கு நாளைக்குத்தானே?"

"இல்ல, நாங்க படைச்சாச்சு."

"நேத்தேவா?"

"இன்னைக்கு மத்தியானம்."

"இன்னைக்கு மத்தியானம் இப்பத்தானே மச்சான் நடக்குது!"

விளக்க முயன்று பாதியில் நிறுத்தினேன். அவர் தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப அக்கா எங்க மொதல்ல சாப்பிட்டிருக்கும்?"

அலைபேசியை மகனிடம் கொடுத்தேன். அவன் மாமாவின் கேள்வியைக் கேட்டு, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.